சட்டையின் நிறமும் கேப்டனின் நாற்காலியும்: ஸ்டார்ஃப்ளீட் பிரிவுகள், புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

ஸ்டார் ட்ரெக் என்று பேச்செடுத்தால், ஒரு அத்தியாயம்கூடப் பார்க்காதவரும் ஒன்று சொல்வார்: "சிவப்புச் சட்டை போட்டவன் செத்துப்போவான்." கொஞ்சம் பார்த்தவர் இன்னொன்றைச் சேர்ப்பார்: "மஞ்சள் சட்டைதான் பெரிய அதிகாரி, அடுத்தது நீலம், கடைசியில் சிவப்பு." இன்னும் கொஞ்சம் பார்த்தவர் குழம்பிப்போவார். அவர் பார்த்த தொடரில் கேப்டனே சிவப்பில் உட்கார்ந்திருப்பார். ஏழு வருடம் சாகாமலும் இருப்பார்.

இந்தக் குழப்பம் எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருகிறது. சட்டையின் நிறம், கையில் இருக்கும் பட்டை, உட்கார்ந்திருக்கும் நாற்காலி, இந்த மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். நாம் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

முதலில் ஒரு பள்ளிக்கூடம்

விண்கப்பலை அப்புறம் பார்க்கலாம். ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கணக்கு ஆசிரியர், ஒருவர் வரலாறு, ஒருவர் விளையாட்டு. இது அவரவர் பாடம். கணக்கு ஆசிரியர் வரலாற்று ஆசிரியருக்கு மேலதிகாரி இல்லை, கீழே வேலை செய்பவரும் இல்லை. வேலை வேறு, அவ்வளவுதான்.

இரண்டாவது, சீனியாரிட்டி. இருபது வருடமாக இருக்கும் விளையாட்டு ஆசிரியர், போன மாதம் சேர்ந்த கணக்கு ஆசிரியரைவிட மூத்தவர். பாடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, தலைமையாசிரியர் என்ற பொறுப்பு. அந்த அறையில் உட்கார்பவர் ஒரு காலத்தில் கணக்கு நடத்தியவராக இருக்கலாம், வரலாறு நடத்தியவராக இருக்கலாம். அவர் விடுப்பில் போனால், இருப்பவர்களில் மூத்தவர் பொறுப்பை ஏற்பார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை நடத்துவது விளையாட்டு ஆசிரியராகவும் இருக்கலாம்.

ஸ்டார்ஃப்ளீட் என்பது ஸ்டார் ட்ரெக் கதைகளில் வரும் விண்வெளிக் கப்பற்படை. அங்கே பாடத்துக்குப் பெயர் பிரிவு. சட்டையின் நிறம் காட்டுவது இதை மட்டும்தான். சீனியாரிட்டிக்குப் பெயர் ரேங்க். கேப்டன் நாற்காலி என்பது பொறுப்பு. இந்த மூன்று சொற்களையும் இதே பொருளில்தான் கீழே எல்லா இடத்திலும் பயன்படுத்தப் போகிறேன்.

மூன்று நிறம், மூன்று வேலை

1966-ல் தொடங்கிய முதல் தொடரில் கப்பலின் பெயர் என்டர்பிரைஸ். கப்பலில் 430 பேர்.

மஞ்சள், அதாவது தங்க நிறம், கட்டளைப் பிரிவுக்கு. கேப்டன் கர்க், சுக்கான் பிடிக்கும் சுலு, பாதை கணிக்கும் செக்காவ் ஆகியோர் இதில் வருகிறார்கள். கப்பல் எங்கே போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்பது இவர்கள் வேலை.

நீலம் அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும். ஸ்பாக், டாக்டர் மெக்காய், நர்ஸ் சேப்பல். வெளியே இருப்பது என்ன, உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது இவர்கள் கேள்வி.

சிவப்பு இயக்கப் பிரிவு. ஆப்பரேஷன்ஸ் என்பார்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், நியாயம்தான். இயந்திரம் பார்க்கும் ஸ்காட்டி, தகவல்தொடர்பு பார்க்கும் உஹுரா, துப்பாக்கி தூக்கும் காவலர்கள் என்று சம்பந்தமே இல்லாதவர்களெல்லாம் ஒரே சிவப்பில் இருக்கிறார்களே? இவர்களை இணைப்பது ஒன்றுதான். கப்பல் கப்பலாகத் தொடர்ந்து இயங்க வேண்டும் என்பதே இவர்கள் அனைவரின் பொறுப்பு. இயந்திரம் நின்றால் கப்பல் இல்லை, செய்தி போகாவிட்டால் கப்பல் தனித்துவிடும், அந்நியர் உள்ளே புகுந்தால் கப்பல் கைமாறிவிடும். எங்கே போவது என்று முடிவு செய்வது இவர்களில்லை, என்ன கண்டுபிடிப்பது என்று பார்ப்பதும் இவர்களில்லை. அந்த இரண்டும் நடப்பதற்கு ஒரு கப்பல் வேண்டுமே, அதைப் பார்த்துக்கொள்வது இவர்கள்.

ஒரு சின்ன வேடிக்கை. முதல் தொடரின் அந்தத் தங்க நிறச் சட்டை உண்மையில் பச்சைத் துணி. படப்பிடிப்பு விளக்குகளின் கீழ், படச்சுருளில் அது மஞ்சளாக விழுந்தது. கர்க் சில அத்தியாயங்களில் போடும் வேறு துணியிலான மேலங்கி மட்டும் பச்சையாகவே தெரியும். நிறத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலையில், நிறமே நம்மை ஏமாற்றியிருக்கிறது.

நிஜக் கப்பல்களிலும் இது உண்டு

இது கதாசிரியர்கள் காற்றிலிருந்து பிடித்த யோசனை இல்லை. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இன்றைக்கும் ஒவ்வொருவரும் நிறச் சட்டை அணிகிறார்கள். விமானத்துக்கு எரிபொருள் நிரப்புபவர் ஊதா, விமானம் எங்கே நகர வேண்டும் என்று சைகை காட்டுபவர் மஞ்சள், ஆயுதம் பொருத்துபவர் சிவப்பு. என்ஜின் இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. தூரத்திலிருந்து பார்த்தவுடன் யார் என்ன வேலைக்காக அங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். நிறம் அதற்குத்தான். ஊதாச் சட்டையைப் பார்த்து இவர் பெரியவரா சின்னவரா என்று யாரும் யோசிப்பதில்லை.

பிரிட்டிஷ் கடற்படையில் இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. 1863 முதல் அதிகாரிகளின் கைப்பட்டைகளுக்கு நடுவே நிறத் துணி வைத்துத் தைத்தார்கள். பொறியாளருக்கு ஊதா, மருத்துவருக்குச் சிவப்பு, கணக்கும் பண்டகமும் பார்ப்பவருக்கு வெள்ளை. தங்கப் பட்டை ரேங்கைச் சொன்னது, நடுவில் இருந்த துணி பிரிவைச் சொன்னது. கப்பலை நடத்தும் அதிகாரிகளுக்கு மட்டும் நடுவில் துணியே கிடையாது. பெரும்பாலான பிரிவுகளுக்கு 1955-ல் இந்த வழக்கம் நின்றது, மருத்துவர்களின் சிவப்பு தொடர்ந்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு முதல் தொடரின் சட்டையைப் பாருங்கள். கையில் தங்கப் பட்டைகள், உடம்பு முழுக்கப் பிரிவின் நிறம். பட்டைக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இருந்த துணி சட்டை முழுக்கப் பரவிவிட்டது போலத்தான் இருக்கும். வீடுகளுக்குள் வண்ணத் தொலைக்காட்சி வந்துகொண்டிருந்த காலம் வேறு.

பட்டையை எண்ணுங்கள்

ரேங்க் கீழிருந்து மேலாக இப்படிப் போகும்: எண்சைன், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன், அதற்கு மேல் அட்மிரல் வகையறா. இடையில் ஒன்றிரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன, அவை இப்போது வேண்டாம். கடற்படையிலிருந்து அப்படியே எடுத்த வரிசை இது. 1966 தொடரில் எண்சைன் கையில் பட்டையே இருக்காது, கமாண்டருக்கு இரண்டு முழுப் பட்டைகள். 1987-ல் வந்த அடுத்த தலைமுறைத் தொடரில் பட்டைகள் போய்க் கழுத்தோரம் சின்னப் பொட்டுகள் வந்தன. எண்சைனுக்கு ஒன்று, கேப்டனுக்கு நான்கு.

இதை வைத்து ஸ்பாக்கைப் பாருங்கள். சட்டை நீலம், ஆகவே அறிவியல் பிரிவு. கையில் இரண்டு பட்டை, ஆகவே கமாண்டர். கப்பலில் கர்க்குக்கு அடுத்தவர் அவர்தான். மஞ்சள் சட்டை போட்ட சுலு அவருக்குக் கீழே. மஞ்சள்தான் பெரியது என்ற நம்பிக்கை இந்த ஒரு ஆளிடமே உடைந்துவிடுகிறது.

ஸ்காட்டியும் அப்படித்தான். 1967-ல் வந்த ஒரு கதையில் கர்க்கும் ஸ்பாக்கும் ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்ள, நாற்காலியில் உட்காருவது சிவப்புச் சட்டை ஸ்காட்டி. கப்பலில் இருக்கும் ஒரு தூதர், பாதுகாப்புத் திரையை இறக்கு என்கிறார். முடியாது என்கிறார் ஸ்காட்டி. இயந்திர அறை ஆள்தானே என்று அங்கே யாரும் அவரை ஒதுக்குவதில்லை.

ஆக இதுவரை: நிறம் வேலையைச் சொல்லும், பட்டையோ பொட்டோ ரேங்கைச் சொல்லும். ஒன்றை வைத்து மற்றதைக் கணிக்க முடியாது.

நாற்காலியில் யார்?

சிக்கலும் சுவையும் இங்கேதான். 1987-ல் தொடங்கிய தொடரில் 1991-ல் வந்த ஓர் அத்தியாயம் இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. என்டர்பிரைஸ் விபத்தில் சிக்கி மின்சாரம் போய்விடுகிறது. கேப்டன் பிக்கார்ட் மூன்று குழந்தைகளோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொள்கிறார். பிரிட்ஜ், அதாவது கப்பலை நடத்தும் கூடத்தில் பொறுப்பிலிருந்த லெப்டினன்ட் இறந்துவிடுகிறார். மிச்சமிருப்பவர்கள் எண்சைன் ரோ, தொழில்நுட்பம் தெரிந்த ஓ'பிரையன், கப்பலின் மனநல ஆலோசகர் டீயானா ட்ராய்.

கப்பலை ஓட்டத் தெரிந்தவர் ரோ. இயந்திரம் தெரிந்தவர் ஓ'பிரையன். ட்ராய்க்கு இரண்டும் தெரியாது. அந்தக் காலகட்டத்தில் அவர் வழக்கமான சீருடைகூட அணிவதில்லை, நிறத்தைப் பார்த்துப் பிரிவு சொல்ல வழியே இல்லை. ஆனால் ரேங்க் லெப்டினன்ட் கமாண்டர். அங்கே இருப்பவர்களில் மூத்தவர். பொறுப்பு அவருடையது.

ஓ'பிரையன் கதையே வேறு. அவர் அதிகாரி வரிசையில் இல்லாதவர், படைவீரராகச் சேர்ந்து அனுபவத்தால் மேலே வந்தவர். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அதிகாரி இருக்கும் இடத்தில் கட்டளை அவரிடம் வராது. சட்டை மட்டும் மற்ற பொறியாளர்களுடையதைப் போலவேதான்.

கப்பலின் கீழ்ப்பகுதி வெடிக்கும் நிலையில் இருக்கிறது. அங்கே யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள், மேல்பகுதியைப் பிரித்துக்கொண்டு போய்விடலாம் என்கிறார் ரோ. ட்ராய் கேட்டுக்கொள்கிறார், தெரியாததை ஓ'பிரையனிடம் விசாரிக்கிறார், அப்புறம் மறுக்கிறார். கீழே ஒருவராவது உயிரோடிருந்தால் அபாயம் அவர் கண்ணில் பட வேண்டும் என்று, இருக்கும் கொஞ்ச மின்சாரத்தையும் கீழே அனுப்பச் சொல்கிறார். கீழே ஆள் இருந்தார்கள், கப்பல் பிழைத்தது. தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்வதும், ஒருவர் அதைக் கேட்டு முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்பதும் இரண்டு வேறு வேலைகள் என்பதை இதைவிடத் தெளிவாக அந்தத் தொடரில் வேறெங்கும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

1994-ல் இதே ட்ராய், பிரிட்ஜில் பொறுப்பு வகிக்கும் தகுதிக்கான தேர்வை எழுதுகிறார். திரும்பத் திரும்பத் தோற்கிறார். கடைசியில்தான் புரிகிறது, அது இயந்திர அறிவுக்கான தேர்வே இல்லை. கப்பலைக் காப்பாற்ற, திரும்பி வரமாட்டார் என்று தெரிந்தே ஒரு நண்பரை உள்ளே அனுப்ப முடியுமா என்பதற்கான தேர்வு. கணினி உருவாக்கிய பாவனை உலகத்தில் நடந்தாலும் அந்தக் கட்டளையைச் சொல்வது லேசானதாக இல்லை. சொல்கிறார். தேர்ச்சி பெற்றுக் கமாண்டர் ஆகிறார், தொடர்ந்து ஆலோசகராகவே இருக்கிறார். பொதுவாக நிஜக் கடற்படைகளில் ஒரு மருத்துவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் போர்க்கப்பலை நடத்தும் வரிசையில் வரமாட்டார். ஸ்டார்ஃப்ளீட் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, வாசலில் இந்தத் தேர்வை நிறுத்தியிருக்கிறது.

ரேங்க் பெரிதா, பொறுப்பு பெரிதா?

ரேங்கும் பொறுப்பும் மோதினால்? 1967-ல் வந்த ஒரு கதையில் டெக்கர் என்றொரு கமடோர் வருகிறார். கமடோர் என்பது கேப்டனுக்கு ஒரு படி மேல். தன் கப்பல் ஆட்கள் எல்லோரையும் பறிகொடுத்தவர், பழிவாங்கும் வெறியில் இருக்கிறார். கர்க் டெக்கரின் சிதைந்த கப்பலில் இருக்க, டெக்கர் என்டர்பிரைஸுக்கு வந்து, ரேங்கைச் சொல்லிப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். ஸ்பாக்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் விதிப்படி விலகிக்கொள்கிறார்.

அப்போது டாக்டர் மெக்காய் குறுக்கே வருகிறார். யாரையும் உடல்நிலை, மனநிலை காரணமாகப் பொறுப்பிலிருந்து விலக்கும் அதிகாரம் கப்பல் மருத்துவருக்கு உண்டு. சட்டை நீலம், போர் தெரியாது, இருந்தும் கமடோரையே எழுப்பிவிட முடியும். ஆனால் பரிசோதித்த ஆவணம் வேண்டும். மெக்காய் இன்னும் டெக்கரைப் பரிசோதிக்கவே இல்லை. அதிகாரம் இருந்தும் அந்த நிமிடத்தில் கை கட்டப்பட்டுவிடுகிறது.

கடைசியில் முடிச்சை அவிழ்ப்பது கர்க். அந்தப் பக்கத்திலிருந்து ஒலிவாங்கி வழியே, என்டர்பிரைஸின் கேப்டன் என்ற முறையில் ஸ்பாக்கைப் பொறுப்பேற்கச் சொல்கிறார். ரேங்கில் அவர் டெக்கருக்குக் கீழேதான். ஆனால் அந்தக் கப்பல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்பாக் அதைப் பிடித்துக்கொண்டு டெக்கரை எழுப்புகிறார். இது விதிப்புத்தகத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடலாம். கதைக்குள் நின்றுவிட்டது.

மீண்டும் சுருக்கமாக: கேப்டன் என்பது ஒரு ரேங்க், ஒரு கப்பலின் கேப்டன் என்பது ஒரு பொறுப்பு. ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதால்தான் பாதிக் குழப்பம்.

நிறம் மாறிய கதை

1987 தொடரில் தங்கமும் சிவப்பும் இடம் மாறின. கட்டளைக்குச் சிவப்பு, இயக்கத்துக்குத் தங்கம். நீலம் மட்டும் கொஞ்சம் பச்சை கலந்து அதே இடத்தில் நின்றது. பிக்கார்ட் சிவப்பில் இருப்பதற்கு இதுதான் காரணம். 2001-ல் வந்த தொடர் முதல் கப்பலுக்கும் முந்தைய காலத்தில் நடப்பது. அதில் தோளோரத்துக் கோடு மட்டும் நிறம் காட்டும், பழைய வரிசைப்படி. 2017 தொடரில் எல்லோருக்கும் கருநீலம், பிரிவைச் சொல்வது அதன் மேலுள்ள உலோக வேலைப்பாடு: தங்கம் கட்டளைக்கு, வெள்ளி அறிவியலுக்கு, செம்பு இயக்கத்துக்கு. ஆக எந்தத் தொடர் என்று கேட்காமல் நிறத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

நிறம் ஆளோடு ஒட்டியதில்லை என்பதற்குப் பிக்கார்டின் கப்பல் அதிகாரி வோர்ஃப் நல்ல சாட்சி. 1987-ல் சிவப்பில் தொடங்கினார். பாதுகாப்புத் தலைவரானதும் தங்க நிறத்துக்குப் போனார். 1995-ல் வேறு தொடரில், ஒரு விண்வெளி நிலையத்தில் புதிய வேலை ஏற்றபோது மறுபடி சிவப்பு. ஆள் ஒருவர்தான், மூன்று முறை சட்டை. 1992-ல் அதே கப்பலின் டேட்டா என்ற அதிகாரி சிறிது காலம் கேப்டனுக்கு அடுத்த பொறுப்புக்கு நியமிக்கப்பட்டபோது அவருடைய தங்கமும் சிவப்பானது.

சரி, சிவப்புச் சட்டை சாவது உண்மையா?

பாதி உண்மை. முதல் தொடரில் இறந்தவர்களை எண்ணினால் சிவப்பே அதிகம். ஆனால் கப்பலில் அதிகம் பேர் இருப்பதும் சிவப்பில்தான். வண்டிகள் அதிகம் ஓடும் சாலையில் விபத்தும் அதிகம் நடக்கும். அதனாலேயே அந்தச் சாலை ஆபத்தானது என்று சொல்ல முடியாது, எத்தனை வண்டிக்கு எத்தனை விபத்து என்று பார்க்க வேண்டும். அப்படி விகிதம் போட்டுப் பார்த்தால், சின்னக் கூட்டமான தங்கச் சட்டைக்காரர்களின் நிலை இன்னும் மோசம்.

சிவப்புக்குள்ளும் எல்லோருக்கும் ஒரே ஆபத்து இல்லை. இயந்திர அறையில் இருப்பவர் பெரும்பாலும் பத்திரமாக இருப்பார். சாவது கிரகத்தில் இறங்கும் குழுவோடு போகும் காவலர். காரணம் கதைத் தேவைதான். ஆபத்து நிஜம் என்று காட்ட யாராவது விழ வேண்டும், கர்க் விழ முடியாது, பெயர் தெரியாத ஒருவர் விழுகிறார். அவர் பார்க்கும் வேலைக்கு நிறம் சிவப்பு. உஹுராவும் ஸ்காட்டியும் அதே சட்டையில் கடைசி வரை இருந்தார்கள்.

கப்பலுக்கு வெளியே இருக்கும் கிளைகள்

பிரிவு என்ற சொல்லை ரசிகர்கள் இன்னொரு பொருளிலும் பயன்படுத்துகிறார்கள். மேலே பார்த்தவை ஒரு கப்பலுக்குள் இருக்கும் பிரிவுகள். படை முழுவதற்கும் பொதுவான அமைப்புகள் வேறு: சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் தலைமையகம், அதே ஊரில் அதிகாரிகளைத் தயார் செய்யும் அகாடமி, மருத்துவத் துறை, உளவுத் துறை. பிக்கார்டின் கப்பலில் நீலச் சட்டை போட்ட டாக்டர் க்ரஷர் ஒரு வருடம் அந்த மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கப் போனார், திரும்பி வந்தார். இரண்டும் ஒன்றில்லை.

இன்னொரு வகை, ஸ்டார்ஃப்ளீட்டே இல்லாதவர்கள். 2001 தொடரின், 2003-ல் தொடங்கிய பருவத்தில் மாக்கோ என்ற பூமியின் தரைப்படைக் குழு ஒன்று கப்பலில் ஏறுகிறது. சாம்பல் நிறப் போர் உடை, தனி ரேங்க் வரிசை, தலைவர் மேஜர் ஹேஸ். கப்பலில் ஏற்கெனவே பாதுகாப்பைப் பார்ப்பவர் ஸ்டார்ஃப்ளீட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் ரீட். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. நிறம் உதவவில்லை, ரேங்க் வரிசையும் வேறு வேறு. பேசித் தீர்க்காமல் விட்டதால் பயிற்சியில் தொடங்கிய உரசல் கைகலப்பாகி, நடைவழி வரை அடித்துக்கொண்டு போகிறார்கள். கேப்டன் ஆர்ச்சர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துத் திட்டுகிறார். அந்த அறையில் நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் யார் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே இல்லை.